வைத்தியசாலைக் கட்டிலில் இன்சுலின்: அறிந்திருக்க வேண்டியவர் யார்?

சலரோகம் எமது மக்களுக்குப் புதிய நோயன்று. ஊரில் 'சீனி வருத்தம்' என்று நாம் அழைத்த அதே நோய்தான் ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ரூட்டிங்கிலும் எம்மோடு குடிவந்திருக்கின்றது. குளிர்சாதனப் பெட்டியில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் அம்மம்மாவின் இன்சுலின் இருப்பதைப் பேரப்பிள்ளைகளும் அறிவார்கள். காலையில் எத்தனை அலகு, மாலையில் எத்தனை அலகு, ஊசி போட்டபின் எவ்வளவு நேரத்துக்குள் சாப்பாடு மேசைக்கு வரவேண்டும் என்பனவெல்லாம் எவரும் எவரையும் கேளாமலே அவ்வீடுகளில் ஒழுங்காக நடந்தேறுகின்றன.

ஆனால் அதே அம்மம்மா ஒருநாள் படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, நெஞ்சுச்சளி முற்றியோ, சத்திரசிகிச்சை ஒன்றுக்காகவோ வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும்போது நிலைமை மாறிவிடுகின்றது. அங்குள்ளோரின் கவனம் முறிந்த எலும்பின் மீதே இருக்கும். அதுகாறும் வீட்டார் கையிலிருந்த இன்சுலின், அன்றிரவே அறிமுகமற்ற தாதியரின் கைக்கும், சில மாதங்கள் மட்டுமே அப்பிரிவில் கடமையாற்றிவிட்டு வேறிடம் செல்லவிருக்கும் இளம் வைத்தியரின் கைக்கும் மாறுகின்றது. இந்தக் கைமாற்றத்தில் நேரக்கூடிய ஆபத்துகள் எவை, அவற்றைத் தவிர்க்க வைத்தியசாலை ஊழியருக்கு எத்தகைய கல்வி வேண்டும், அதில் எமது குடும்பங்களின் பங்கு யாது என்பவற்றையே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டுள்ளோம்.

ஆறு கட்டிலுக்கு ஒன்று

இது ஒரு சிலரது பிரச்சினை என எண்ணிவிடலாகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் நடத்தப்பட்டுவந்த தேசிய நீரிழிவு உள்நோயாளர் கணக்கெடுப்பின்படி, 2016 இல் வைத்தியசாலைக் கட்டில்களில் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்றில் நீரிழிவு உள்ள ஒருவரே படுத்திருந்தார். அவர்களிற் பெரும்பாலோர் நீரிழிவுக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் அல்லர். வேறொரு நோய்க்காக வந்தவர்கள். நீரிழிவைக் கூடவே கொண்டுவந்தவர்கள். எனவே நீரிழிவுப் பிரிவில் உள்ளவர்கள் மட்டும் இன்சுலினைப் பற்றி அறிந்திருந்தாற் போதாது. எலும்பு முறிவுப் பிரிவிலும், மகப்பேற்றுப் பிரிவிலும், அவசர சிகிச்சைப் பிரிவிலும், முதியோர் பிரிவிலும் அந்த அறிவு இருந்தாக வேண்டும்.

தென்னாசியர்களாகிய எமக்கு இக்கணக்கு இன்னும் நெருக்கமானது. மேற்கு லண்டனில் உள்ள சவுத்தோலில் நடத்தப்பட்டு 1985 இல் வெளியான ஆய்வு, அங்குள்ள ஆசியர்களிடையே நீரிழிவு ஐரோப்பியரிலும் பார்க்க ஏறக்குறைய நான்கு மடங்கு காணப்பட்டதை உலகறியச் செய்தது. அதன் பின் வந்த ஆய்வுகளும் தென்னாசியர்களுக்கு இந்நோய் கூடுதலாகவும், இளவயதிலும், குறைந்த உடற்பருமனிலுமே வந்துவிடுகின்றது என்பதனை உறுதிசெய்துள்ளன. ஆகவே லண்டன் வைத்தியசாலைகளில் இன்சுலின் எவ்வாறு கையாளப்படுகின்றது என்ற கேள்வி, எமது வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் கேள்வியாகும்.

உயிர் கொடுத்த மருந்து

இன்சுலினின் வரலாற்றில் லண்டனுக்கும் ஓர் இடமுண்டு. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோரின் ஆய்வால் இம்மருந்து கண்டறியப்படுவதற்கு முன்னர், முதலாம் வகை நீரிழிவு வந்தவர்கள் பட்டினி உணவிலே சில காலம் வாழ்ந்து மடிந்தனர். லண்டன் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் பணியாற்றிய டொக்டர் ஆர். டி. லோறன்ஸ் என்ற இளைஞரும் அவ்வாறு மரணத்தை எதிர்பார்த்து இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் வாழ்ந்தவரே. இன்சுலின் வந்துவிட்டது என்ற தகவல் கிங்ஸ் கொலிஜிலிருந்து எட்டவே லண்டன் திரும்பிய அவர், 1923 மே 31 இல் தமது முதலாவது இன்சுலின் ஊசியைப் பெற்றார். பின்னர் அதே வைத்தியசாலையின் நீரிழிவுச் சிகிச்சை நிலையத்துக்குத் தலைமைதாங்கிய அவர், 1968 வரை உயிர் வாழ்ந்தார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுடன் இணைந்து 1934 இல் அவர் தொடங்கிய சங்கமே இன்று 'டயாபிற்றிஸ் யூகே' என்ற பெயரில் இயங்கிவருகின்றது.

வைத்தியராகவும் நோயாளியாகவும் இருந்த லோறன்ஸ், நோயாளருக்கு அவர்தம் நோயைப் பற்றிக் கற்பிப்பதைச் சிகிச்சையின் ஓர் அங்கமாகவே கருதினார். அதற்குத் தக்க காரணமுண்டு. பல மருந்துகள் ஒரு குளிசை கூடினாலோ குறைந்தாலோ பெருந்தீங்கு செய்வதில்லை. இன்சுலின் அத்தகையதன்று. கூடினால் குருதியிலுள்ள சீனி தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் தோன்றி, முடிவில் நோயாளி நினைவிழந்து போவார். முதலாம் வகை நீரிழிவு உள்ளவருக்கு அது முற்றாக நிறுத்தப்பட்டால், சீனி ஏறுவதோடு கீற்றோன் என்னும் அமிலப் பொருட்கள் குருதியிற் சேர்ந்து உயிருக்கே உலைவைக்கும். உண்ணும் உணவு, உணவு வரும் நேரம், காய்ச்சல், வாந்தி, ஸ்ரீரொயிட் மருந்துகள் எனப் பலவும் தேவையான அளவை நாளுக்கு நாள் மாற்றிவிடும். இத்தகைய மருந்தை வெறும் உத்தரவின்படி கொடுத்தாற் போதாது, விளங்கிக் கொடுக்கவேண்டும்.

ஓர் எழுத்தால் நேரும் பிழை

பிழைகள் எவ்வாறு நேருகின்றன என்பதனை நோயாளர் பாதுகாப்புக்கான தேசிய முகவர் நிலையம் 2010 ஜூன் மாதத்தில் விடுத்த எச்சரிக்கை தெளிவாக எடுத்துக்காட்டியது. 2003 ஆகஸ்ட் தொடக்கம் 2009 ஆகஸ்ட் வரையிலான ஆறு ஆண்டுகளில், இன்சுலினின் அளவு தவறியமை தொடர்பாக 3,881 அறிக்கைகள் அந்நிலையத்துக்குக் கிடைத்திருந்தன. அவற்றுள் ஒரு மரணத்துக்கும் ஒரு கடும் பாதிப்புக்கும் காரணமாயிருந்தது ஒரேயோர் எழுத்து என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அலகு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை முழுமையாக எழுதாமல் அதன் முதலெழுத்தாகிய 'யூ'வை மட்டும் எழுதிவிட, அவசரத்திற் பார்த்தவருக்கு அது பூச்சியமாகத் தோன்றியது. 10 அலகு 100 அலகாயிற்று. நோயாளியின் உடலிற் பத்து மடங்கு மருந்து ஏறியது.

இரண்டாவது பிழை ஊசிக்குழல் பற்றியது. வழக்கமான இன்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு உண்டு. பத்து அலகு என்பது ஒரு மில்லிலீற்றரின் பத்திலொரு பங்கு மாத்திரமே. அதனை அளப்பதற்கென அலகுக் கோடுகள் இடப்பட்ட தனியான ஊசிக்குழல் இருக்க, நாளத்தில் ஏற்றும் சாதாரண ஊசிக்குழலால் அளந்து கொடுத்தமையால் 2005 ஜனவரி தொடக்கம் 2009 ஜூலை வரை மூன்று மரணங்களும் வேறு 17 சம்பவங்களும் பதிவாகின.

பின்னாளில் மூன்றாவது பிழையும் வந்து சேர்ந்தது. ஒரு மில்லிலீற்றரில் 200, 300, 500 அலகுகள் செறிந்த இன்சுலின் வகைகள் பேனாக்களில் வரலாயின. அப்பேனாவிலிருந்து ஊசிக்குழலால் மருந்தை உறிஞ்சி எடுத்து, வழக்கமான 100 அலகுக் கோட்டின்படி அளந்தால், இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஐந்து மடங்கோ மருந்து சேர்ந்துவிடும். இதனைச் செய்யவே கூடாதென 2016 நவம்பரில் தேசிய சுகாதார சேவை தனியான எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. சுருக்கெழுத்தாலோ பொருந்தாத கருவியாலோ இன்சுலின் அளவு மீறுவதை, ஒருபோதும் நிகழக்கூடாத சம்பவங்களின் பட்டியலிலும் அச்சேவை சேர்த்தது.

பெயர்களும் குழப்பம் விளைவிப்பன. ஹியூமலொக் வேறு, ஹியூமலொக் மிக்ஸ் 25 வேறு. முன்னையது விரைந்து செயற்படுவது. பின்னையது இருவகை கலந்தது. மருந்தட்டையில் 'மிக்ஸ்' என்ற ஒரு சொல் விடுபட்டாற் போதும், நோயாளிக்கு முற்றிலும் வேறான மருந்தே கிடைக்கும்.

கொடுக்கப்படாத ஊசி

கூடுதலாகக் கொடுப்பதைப் போலவே கொடாமல் விடுவதும் உயிரைப் பறிக்கும். இதற்கு இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றிலே மறக்கமுடியாத சான்று ஒன்றுண்டு. ஜில்லியன் அஸ்ற்பரி என்னும் 66 வயது மாது, விழுந்து எலும்பு முறிந்த நிலையில் 2007 ஏப்ரல் முதலாம் திகதி ஸ்ரபோர்ட் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அவர் இன்சுலினில் தங்கி வாழ்பவர் என்பது அவ்வைத்தியசாலைக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் ஒரு முறைக் கடமையினரிடமிருந்து மறு முறைக் கடமையினருக்கு அத்தகவல் சரிவரக் கைமாற்றப்படவில்லை. பராமரிப்புக் குறிப்புகள் ஒழுங்காகப் பேணப்படவில்லை. உரிய இன்சுலின் கொடுக்கப்படவில்லை. அம்மாதம் 11 ஆம் திகதி, கீற்றோன் அமிலம் மிகுந்த நிலையில் அவர் உயிரிழந்தார். அவ்வைத்தியசாலையை நடத்திய மிட் ஸ்ரபோர்ட்ஷயர் அறக்கட்டளை பின்னர் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொள்ள, 2014 ஏப்ரலில் அதற்கு 200,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

இச்சம்பவத்தில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மருந்து இல்லாமையால் அம்மாது இறக்கவில்லை. வைத்தியரோ தாதியோ இல்லாமையாலும் இறக்கவில்லை. இருந்த மருந்து, இருந்த ஊழியர்கள், இருந்த தகவல் ஆகிய மூன்றும் ஒன்றுசேராமையால் இறந்தார். அவற்றை ஒன்றுசேர்ப்பதே ஊழியர் கல்வியின் பணி.

கல்வி என்பது எது?

2010 ஆம் ஆண்டின் எச்சரிக்கை, இன்சுலினை எழுதிக்கொடுப்போர், ஆயத்தம் செய்வோர், ஏற்றுவோர் அனைவருக்கும், வைத்தியர்கள் உட்பட, பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கவேண்டுமெனப் பணித்தது. கணினி மூலம் பயிலக்கூடிய பாடமும் ஆக்கப்பட்டது. அலகு என்ற சொல்லை முழுமையாக எழுதுதல், இன்சுலினின் முழுப்பெயரை எழுதுதல், உரிய கருவியை மட்டும் பயன்படுத்துதல், உரிய ஆளுக்கு உரிய வேளையிற் கொடுத்தல் என்பன அதன் அடிப்படைப் பாடங்கள். பிரித்தானிய நீரிழிவுச் சங்கங்களின் கூட்டமைப்பும் 2010 முதல் வைத்தியசாலைகளுக்கென வழிகாட்டி நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு வந்துள்ளது.

எனினும் பாடம் இருப்பது வேறு, பாடம் மனத்திற் பதிவது வேறு. முன்னர் குறிப்பிட்ட 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இன்சுலின் பெற்ற உள்நோயாளரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் மருந்தட்டைகளில் ஏதோவொரு பிழை காணப்பட்டது. அவற்றிற் பல தீங்கு விளைவிக்காதவையே. ஆயினும் தீங்கு எங்கிருந்து தொடங்குகின்றது என்பதனை அவை காட்டுகின்றன. முதலாம் வகை நீரிழிவு உள்ளோரில் 25 பேருக்கு ஒருவர் வீட்டில் அன்றி வைத்தியசாலையில் இருக்கும்போதே கீற்றோன் அமில நிலைக்கு உள்ளாயினர். உள்நோயாளருக்கென நீரிழிவுத் தாதி ஒருவரேனும் இல்லாத வைத்தியசாலைகள் கால்பங்குக்கு மேற்பட்டனவாயிருந்தன. வைத்தியசாலைகளை நீரிழிவு உள்ளோருக்குப் பாதுகாப்பான இடங்களாக்க வேண்டுமென வலியுறுத்தி 'டயாபிற்றிஸ் யூகே' 2018 இல் தனியறிக்கையே வெளியிட நேர்ந்தது.

குறை ஊழியரின் மனத்தில் இருப்பதாக நாம் கருதவில்லை. இரவுக் கடமையில் பெருந்தொகை நோயாளரைப் பார்க்கும் தாதிக்குக் கணினி முன் அமர்ந்து பாடம் படிக்க நேரம் ஏது? முகவர் நிலையம் மூலம் ஓரிரவுக்கு மட்டும் வந்துபோகும் தாதிக்கு அப்பிரிவின் ஒழுங்கு எவ்வாறு தெரியும்? ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் புதிதாகக் கடமையேற்கும் இளம் வைத்தியர்கள் பல்கலைக்கழகத்திற் படித்ததை முதன்முறையாகக் கட்டிலருகிற் செயற்படுத்துகின்றனர். இவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பத்திரத்திற் கையொப்பம் வாங்கிக்கொள்வது கல்வியாகாது.

நல்ல கல்வி கட்டிலருகில் நடைபெறுவது. நீரிழிவுத் தாதி பிரிவுக்கே வந்து, அன்று அங்கு இருக்கும் நோயாளியின் மருந்தட்டையை எடுத்து, இதில் எது சரி, எது தவறு, ஏன் என்று கால்மணி நேரம் விளக்குவது. சென்ற வாரம் நேர்ந்த பிழையை, செய்தவரைக் குற்றவாளியாக்காமல், எல்லோரும் கற்கும் பாடமாக்குவது. கற்றதைச் சில மாதங்களின்பின் மீண்டும் சோதிப்பது.

அத்தகைய கல்வி விளைவிக்கும் வேறுபாட்டுக்கு இரு உதாரணங்கள் கூறுவோம். சத்திரசிகிச்சைக்காக நோயாளி பட்டினி இருக்கின்றார். சாப்பாடு இல்லையே என்று எண்ணி, பயிலாதவர் இன்சுலின் முழுவதையும் நிறுத்திவிடுவார். முதலாம் வகை நோயாளிக்கு நீண்டநேரம் செயற்படும் இன்சுலின் பட்டினியிலும் வேண்டும் என்பதனைப் பயின்றவர் அறிவார். இன்னொருவருக்குச் சீனி நான்கு மில்லிமோலுக்குக் கீழ் இறங்கிவிடுகின்றது. பயிலாதவர் சீனியை ஏற்றியபின் பயத்தினால் அடுத்த ஊசியையும் தவிர்த்துவிட, மறுநாள் சீனி எல்லை மீறி ஏறும். பயின்றவரோ 15 முதல் 20 கிராம் விரைவுச் சீனியை, குளுக்கோஸ் மாத்திரையாகவோ பழச்சாறாகவோ கொடுத்து, 10 அல்லது 15 நிமிடத்தில் மறுபடி சோதித்து, பின்னர் மாப்பொருள் உணவு கொடுத்து, அடுத்த ஊசியை நிறுத்திவிடாமல் அதன் அளவைப் பற்றி வைத்தியரிடம் கேட்பார்.

இக்கல்வி வைத்தியரோடும் தாதியரோடும் நின்றுவிடலாகாது. உணவுத் தட்டைக் கொண்டுவருபவர், அது தொடப்படாமலே திரும்பிச் செல்கின்றது என்பதனைத் தாதிக்குச் சொல்லப் பழக்கப்படவேண்டும். அந்தத் தட்டில்தான் எமது மக்களின் பிரச்சினையும் இருக்கின்றது.

தட்டும் மொழியும் மௌனமும்

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் வைத்தியசாலையில் இருந்தால் வீட்டுச் சாப்பாடு தூக்குச்சட்டியிற் போகும். உறவினர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். லண்டனில் மாலை ஆறு மணிக்கு முன்னரே இரவுணவு வந்துவிடுகின்றது. அது எமது முதியோருக்குப் பழக்கமற்ற உணவு. மாட்டிறைச்சியோ என்ற ஐயம் வேறு. அவர் நாகரிகமாகத் தலையசைத்துத் தட்டை ஏற்றுக்கொள்வார். தாதி இன்சுலினை ஏற்றிவிட்டுப் போவார். தட்டு தொடப்படாமற் கிடக்கும். மகள் வேலை முடிந்து பிட்டோடு வந்துசேர எட்டு மணியாகும். இடையில் உள்ள இரண்டு மணி நேரந்தான் ஆபத்தான நேரம். வியர்த்துச் சோர்ந்து கிடக்கும் முதியவரைப் பார்த்து, அயர்ந்து தூங்குகின்றார் என்று கடந்து செல்வோரும் உண்டு. மறுபுறத்தில், தாதிக்குத் தெரியாமல் ஊட்டப்பட்ட சோறும் பழமும் இரவில் சீனியை ஏற்ற, காரணமறியாத வைத்தியர் மறுநாள் இன்சுலினைக் கூட்டிவிடவும் கூடும். வெள்ளிக்கிழமை விரதமும் கந்தசஷ்டி விரதமும் இக்கணக்கிற் சேர்ந்தவையே.

மொழி அடுத்த தடை. "சாப்பிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் வினவப்படும்போது, எதுவும் விளங்காவிடினும் "யெஸ்" என்று விடையளிப்பது எமது மூத்தோரின் வழக்கம். பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கவைப்பதும் முறையன்று. மருந்தின் அளவு ஒரு குழந்தையின் சொல்வன்மையில் தங்கியிருத்தலாகாது. தேசிய சுகாதார சேவை வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். தொலைபேசி வழியாகவும் அவ்வசதி உண்டு.

மூன்றாவது தடை மௌனம். வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் எம்மிடையே ஊறிப்போனது. அதனோடு, இந்நாட்டில் அகதி விண்ணப்பம் முடிவாகாதிருப்போர், வாய்திறந்தால் ஏதேனும் இடைஞ்சல் வருமோ எனவும் அஞ்சுகின்றனர். கட்டிலருகில் மருந்தைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கும் அகதி விண்ணப்பத்துக்கும் எத்தொடர்பும் இல்லை என்பதனை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம்.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

இன்சுலின் ஏற்றும் ஒவ்வொருவரும் அதன் முழுப்பெயர், செறிவு, பேனாவின் வகை, வேளைக்குரிய அலகு ஆகியவற்றை எழுதிய அட்டையொன்றைப் பணப்பையில் வைத்திருத்தல் வேண்டும். 'இன்சுலின் கடவுச்சீட்டு' என்னும் பெயரில் இத்தகைய சிறு கையேடு 2011 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. மருந்தாளரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ இது பற்றி விசாரிக்கலாம். வைத்தியசாலைக்குப் புறப்படும்போது வீட்டிலுள்ள பேனாவையும், சோதிக்கும் கருவியையும், குளுக்கோஸ் மாத்திரையையும் பையில் எடுத்துக்கொள்ளவும். கடவுச்சீட்டு இல்லாமல் விமான நிலையம் செல்லாத நாம், இந்தக் கடவுச்சீட்டு இல்லாமலும் வைத்தியசாலை செல்லலாகாது.

அனுமதிக்கப்பட்ட அன்றே தாதியிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: என்ன இன்சுலின், கடைசியாக எப்போது ஏற்றப்பட்டது, எந்த உணவை எந்நேரம் உண்பார். மரக்கறி உணவு வேண்டுமாயின் அதனையும் அப்போதே கேளுங்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுவருவதாயின் நேரத்தைச் சொல்லி, ஊசியையும் அந்நேரத்துக்கு ஒழுங்குசெய்யலாமா என வினவுங்கள். ஊசி ஏற்றுமுன், மருந்தின் பெயரையும் அலகையும் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்பது குறைகூறலாகாது. நன்கு பயின்ற தாதி அதனை வரவேற்பார்.

வீட்டில் தாமாகவே இன்சுலின் ஏற்றிவந்தவர், உடலும் அறிவும் தெளிவாயிருந்தால், வைத்தியசாலையிலும் தாமே ஏற்றிக்கொள்ள விரும்புவதாகக் கூறலாம். முன்னர் குறிப்பிட்ட கூட்டமைப்பின் 2012 ஆம் ஆண்டு வழிகாட்டி இதனை ஆதரிக்கின்றது. ஆனால் தாதிக்குத் தெரியாமல் ஒருபோதும் ஏற்றக்கூடாது; இருவரும் தனித்தனியே ஏற்றிவிட்டால் விளைவு என்னவாகும் என்பதனைச் சொல்லவேண்டியதில்லை.

நோயாளி வழமைக்கு மாறாக வியர்த்தோ, உளறியோ, எழுப்பமுடியாமலோ, இடைவிடாது வாந்தியெடுத்தோ காணப்பட்டால், சீனியை உடனே சோதிக்கும்படி கேளுங்கள். முதலாம் வகை நோயாளியாயின் கீற்றோனையும் சோதிக்கக் கோருங்கள். செவிசாய்ப்பார் இல்லாவிடின் பொறுப்புத் தாதியை அழையுங்கள். 13 வயதுச் சிறுமி மார்த்தா மில்ஸ், பெற்றோரின் அச்சம் கேட்கப்படாத நிலையில் 2021 இல் லண்டனில் உயிரிழந்தாள். அவளது பெற்றோரின் முயற்சியால் 'மார்த்தாவின் விதி' 2024 முதல் இங்கிலாந்து வைத்தியசாலைகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. நோயாளியின் நிலை மோசமடைகின்றது என அஞ்சும் குடும்பத்தினர், வேறொரு வைத்தியக் குழுவின் அவசரப் பரிசோதனையை நேரடியாகக் கோர அவ்விதி வழிசெய்கின்றது. அவ்வழைப்புக்குரிய தொலைபேசி இலக்கம் எது என்பதனை அனுமதியான நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்து நீங்கிய பின்னர் கூறவேண்டிய குறைகளை, வைத்தியசாலையிலுள்ள நோயாளர் ஆலோசனைப் பிரிவில் தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவிக்கப்படும் ஒவ்வொரு குறையும் அடுத்த பயிற்சிக்கு ஒரு பாடமாகும்.

எமது சமூகத்தின் பங்கு

இந்நாட்டு வைத்தியசாலைகளில் எம்மவர் பலர் வைத்தியர்களாகவும், தாதியராகவும், மருந்தாளர்களாகவும், பராமரிப்பு உதவியாளர்களாகவும், சமையற்கூட ஊழியர்களாகவும் பணிபுரிகின்றனர். பிட்டு எத்தகைய உணவு, விரதம் என்றால் என்ன, தலையசைப்பு எப்போது சம்மதமாகாது என்பனவற்றைத் தத்தம் பிரிவினருக்கு எடுத்துச்சொல்ல அவர்களிலும் தகுதியானவர் வேறு எவர்? தமது வைத்தியசாலையிலே இன்சுலின் பயிற்சி ஒழுங்காக நடைபெறுகின்றதா என வினவும் உரிமையும் அவர்களுக்குண்டு. கோவில் மண்டபங்களிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளிலும் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, நீரிழிவுத் தாதி ஒருவரை அழைத்துப் பேசவைக்குமாறு நிர்வாகத்தினரை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.

1990களில் பொருளாதாரத் தடையாலும் மின்சாரமின்மையாலும் வடபகுதியில் மருந்துக்கும் அதைப் பேணுவதற்கும் மக்கள் பட்ட பாட்டை எம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு குப்பி மருந்துக்காக அலைந்த சமூகம், மருந்து கையில் கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிட்டதாக நம்பிவிடுவது இயல்பே. இங்கே மருந்துக்குப் பஞ்சமில்லை. அதனைக் கையாளும் அறிவு, கையாள வேண்டிய அந்த இரவில், அந்தக் கட்டிலருகில் நிற்பவரிடம் இருக்கின்றதா என்பதே இங்குள்ள கேள்வி. அவ்வறிவை ஊழியருக்கு ஊட்டுவது வைத்தியசாலையின் கடன். வீட்டில் தாம் அறிந்ததை அவ்வூழியருக்கு மறைக்காமல், தயங்காமல் எடுத்துரைப்பது எமது கடன்.